மண்ணிடம் பாடங் கேட்டவர் ஊர்

யப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 மைல் தூரத்தில், தொச்சிகி மாகாணத்தின் தாழ்ந்த குன்றுகளிடையே மஷிக்கோ என்னுஞ் சிற்றூர் உள்ளது. தலைநகரிலிருந்து நேரே அவ்வூருக்குப் புகையிரதம் இல்லை. ஓயாமாவில் ஒருமுறையும் ஷிமோடாதேயில் ஒருமுறையும் வண்டி மாறி, ஈற்றில் மோகா என்னுஞ் சிறிய இருப்புப் பாதையில், நெல்வயல்களுக்கூடாகச் செல்லல் வேண்டும். பெருநகரின் ஆரவாரம் சிறிது சிறிதாகக் கழன்றுபோக, பயணியின் மனமும் அவ்வண்டியைப் போலவே வேகந் தணிந்துவிடுகிறது.

ஊருக்குள் நடந்தால், வீதியின் இருமருங்கும் மட்பாண்டக் கடைகளைக் காணலாம். சோற்றுக் கிண்ணம், தேநீர்க் கேத்தல், ஊறுகாய்ச் சாடி, பூக்குடுவை என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சூளைகள் இவ்வூரையும் அயலையுஞ் சார்ந்துள்ளன. 1966ஆம் ஆண்டு தொடக்கம் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமாக இங்கு நடைபெறும் மட்பாண்டச் சந்தைக்கு நாடெங்குமிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர்.

இத்துணைப் புகழ் வாய்ந்த ஊரின் மண் மிகச் சிறந்ததாயிருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. மஷிக்கோவின் களிமண் மணல் கலந்தது. இரும்புச் சத்து உடையது. மெல்லிய இதழ்போல் இழுத்து வனைவதற்கு அது இடங்கொடாது. ஆகவே இவ்வூர்ப் பாண்டங்கள் தடித்தனவாகவும், கையிலெடுத்தாற் பாரமுடையனவாகவும் இருக்கின்றன. அக்குறையையே குணமாக ஆக்கிக்கொண்டமைதான் இவ்வூரின் வரலாறு.

1853ஆம் ஆண்டில் ஒட்சுகா கெய்சபுரோ என்பவர், அயலிலுள்ள கசாமா என்னும் ஊரிற் பழகிய தொழிலை இங்கு கொணர்ந்து முதற் சூளையை அமைத்தார். தண்ணீர்ச் சாடிகளும் அரைக்குஞ் சட்டிகளும் தேநீர்க் கேத்தல்களும் இங்கிருந்து தலைநகரின் அடுக்களைகளுக்குச் சென்றன. அவற்றைச் செய்தோர் தம்மைக் கலைஞரென்று எண்ணியதில்லை. உழவன் நெல் விளைவிப்பது போல அவர்கள் சட்டி வனைந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் பெயரை மட்டும் ஊரார் இன்றும் அன்போடு சொல்லுகின்றனர். மினகாவா மசு என்னும் அப்பெண்மணி 1874ஆம் ஆண்டிற் பிறந்து 1960ஆம் ஆண்டில் மறைந்தவர். சிறு பிராயத்திலேயே தொழிலிற் புகுந்து, தேநீர்க் கேத்தல்களின் மேலே மலையும் நீரும் மரமுஞ் சேர்ந்த காட்சியை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளியவர். நாய் மயிராற் கட்டிய தூரிகையே அவருடைய கருவி. ஒரே காட்சியைப் பல்லாயிரந் தடவை வரைந்த கை, எண்ணாமலே பிழையின்றி ஓடிற்று.

அத்தகைய மஷிக்கோக் கேத்தல் ஒன்று, தோக்கியோவில் உயர்தொழிற் கல்லூரியொன்றிற் பயின்ற இளைஞர் ஒருவரின் கண்ணிற் பட்டது. 1894ஆம் ஆண்டிற் பிறந்த ஷோஜி ஹமாடா என்பவரே அவ்விளைஞர். மட்பாண்டவியலை விஞ்ஞான முறைப்படி கற்றுத் தேறிய அவர், பின்னர்க் கியோட்டோவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். அங்கே தம் நண்பர் கவாய் கன்ஜிரோவுடன் சேர்ந்து அவர் செய்த மெருகுப் பூச்சுச் சோதனைகள் 10,000 வரையில் என்பர். எந்தக் கல்லை எந்தச் சாம்பலோடு எவ்வளவு சேர்த்து எவ்வளவு வெப்பத்திற் சுட்டால் என்ன நிறம் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாயிற்று. ஆயினும் அவ்வறிவு முழுவதையும் வைத்துக்கொண்டு, பெயரறியாத ஓர் ஏழைப் பெண் வரைந்த கேத்தலின் உயிர்ப்பைத் தம்மாற் படைக்க முடியுமா என்ற ஐயம் அவரை விடவில்லை போலும். அவர் பின்னாளிற் சென்ற வழி அவ்வாறுதான் எண்ணச் செய்கிறது.

1920ஆம் ஆண்டில், ஆங்கிலேயரான பேர்னாட் லீச் தம் தாய்நாட்டிற் சூளை அமைக்கப் புறப்பட்டபோது ஹமாடாவும் உடன் சென்றார். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள செயின்ற் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரில் இருவருஞ் சேர்ந்து தொழிற்சாலை நிறுவினர். பரம்பரைத் தொழிலாக அன்றி, கற்றவர் ஒருவர் தாமே விரும்பி ஏற்று, வனைவது முதற் சுடுவது வரை தம் கையாலேயே செய்யும் புதுவகைக் குயவர் மரபு அங்கே வேரூன்றிற்று. இன்று உலகெங்கும் பரந்துள்ள அம்மரபின் முன்னோடிகளுள் இவ்விருவரும் அடங்குவர்.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்று உண்டு. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஹமாடா, டிச்லிங் என்னுங் கிராமத்துக்குச் சென்று எதெல் மேரெற் என்னும் நெசவுக் கலைஞரைச் சந்தித்தார். அப்பெண்மணி வேறு யாருமல்லர். நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவியாக இலங்கைக்கு வந்து, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர். குமாரசுவாமி இந்நாட்டுக் கைவினைஞரை ஊரூராகத் தேடிச்சென்று, 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலுக்காகத் தகவல் திரட்டியபோது, உடனிருந்து உதவியவர். கற்றவர்கள் நாட்டுப்புறத்திலே தங்கி, தம் கையால் நெய்ததை உடுத்து, தொழிலும் வாழ்வும் வேறன்றி இருந்த நிலை ஹமாடாவின் மனத்தைப் பெரிதுங் கவர்ந்தது. தாமும் நாட்டுப்புறத்திலேயே வாழவேண்டும் என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திற்று. நம் நாட்டுக் கைவினைஞரிடம் பழகிய ஒருவரின் இல்லம், யப்பானியக் குயவர் ஒருவரின் வழியை வகுக்கத் துணைநின்றது என்பது சிந்திக்கத்தக்கதன்றோ!

1923ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே தோக்கியோப் பகுதியைப் பெரும் பூமியதிர்ச்சி அழித்தது. ஹமாடா தாயகம் திரும்பினார். இலண்டனிலே காட்சி நடத்திப் பாராட்டுப் பெற்றவர், கியோட்டோவின் நேர்த்தியான மண்ணையும் செல்வரான வாடிக்கையாளரையும் நாடிப் போயிருக்கலாம். அவரோ 1924ஆம் ஆண்டில் மஷிக்கோவுக்கு வந்தார். ஊரார் முதலில் அவரை ஐயத்தோடு நோக்கினர். பட்டணத்திற் படித்து மேல்நாடு கண்டு வந்தவர் நம் சேற்றிலே என்ன தேடுகிறார் என்று அவர்கள் நினைத்தது இயல்பே. அவர் அவசரப்படவில்லை. அறையொன்றை வாடகைக்கு எடுத்து, அவ்வூர்த் தொழிலாளரின் வேலையைப் பார்த்துப் பழகினார். பனிக்காலங்களில் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுக்குச் சென்று அங்குள்ள குயவரிடமும் பயின்றார்.

அவருடைய தொழில்முறையை நோக்கினால், அங்கு கிடைப்பதைக் கொண்டே வாழும் உழவனின் முறை புலப்படும். மண்ணைப் பெரிதாகச் சுத்திகரிப்பதில்லை. செம்பழுப்பு நிறப் பூச்சுக்கு அயலில் வெட்டியெடுக்கும் ஒருவகைக் கல்லின் தூளே போதும். பால்போன்ற வெண்பூச்சுக்கு உமிச் சாம்பல் உதவும். கோலால் உந்திச் சுழற்றும் சக்கரத்தின் முன் சப்பணமிட்டு அமர்ந்து வனைவார். சரிவிலே ஒன்றன்மேலொன்றாக ஏறிச்செல்லும் அறைகளைக் கொண்ட சூளையிற் பைன் விறகிட்டு, 1300 பாகை சென்ரிகிறேட் அளவுக்கு வெப்பமேற்றிச் சுடுவார். ஒக்கினாவாவில் அவர் கண்ட கரும்புத் தண்டின் வடிவத்தைச் சில தூரிகைக் கோடுகளில் அடக்கி, பல பத்தாண்டுகள் அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். மினகாவா மசு தம் மலையையும் நீரையும் வரைந்தது போலவே இதுவும் ஆயிற்று. பாண்டத்தின் அடியிலே தம் முத்திரையைப் பதிக்கும் வழக்கத்தையும் அவர் கைவிட்டுவிட்டார்.

ஒருமுறை, பெரிய தட்டொன்றின் மேல் அகப்பையாற் பூச்சை வீசி அவர் கோலமிடுவதைப் பார்த்த ஒருவர், 15 விநாடியில் முடியும் வேலை இவ்வளவு விலை பெறலாமா என்று வினவினாராம். அதற்கு அவர், 60 ஆண்டும் 15 விநாடியும் எடுத்ததாகக் கொள்ளலாம் என்ற கருத்துப்பட விடையளித்தார் என்பர். உள்ளத்தூண்டல் என்று நாம் பெருமையாகப் பேசுவது எங்கிருந்தோ மின்னலாய் இறங்குவதன்று. ஒரே மண்ணோடு நெடுங்காலம் பழகிய கையிலே அது ஊறுகிறது என்பதற்கு இதனினுஞ் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

1955ஆம் ஆண்டில் யப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வம் என்னுஞ் சிறப்புக்குரியவராக அறிவித்தது. அப்புகழ் ஊருக்கும் வாழ்வளித்தது. உலோகப் பாத்திரங்களும் புதுவகை அடுப்புகளும் வந்தபின் விலைபோகாதிருந்த மட்பாண்டத்துக்கு மீண்டும் மதிப்பு உண்டாயிற்று. ஆனால் அதனோடு ஓர் இடரும் வந்தது. ஹமாடாவின் கோலத்தை அப்படியே பார்த்துச் செய்வோர் பெருகினர். குருவின் கையெழுத்தைப் பார்த்தெழுதும் மாணவன் எழுத்தறிவான், எழுத்தாளன் ஆவானா?

இவ்வினாவுக்கு விடையாக விளங்கியவர் தட்சுசோ ஷிமாவோகா. இவரும் பட்டதாரி, யுத்தத்திற் பர்மாவுக்குச் சென்று மீண்டவர். 1946ஆம் ஆண்டில் ஹமாடாவிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். தம்மைப் பின்பற்றுவதோடு நின்றுவிடாது தன்வழி காணுமாறு குரு அவரைத் தூண்டினார். பாடசாலைகளுக்காகப் பழங்காலப் பாண்டங்களின் படிகளைச் செய்யும் வேலையில் ஈடுபட்டபோது, ஈரமண்ணின் மேற் கயிற்றை உருட்டி அழகுசெய்த ஆதிகால முறையை ஷிமாவோகா கண்டார். அவருடைய தந்தையோ பட்டுக் கயிறு பின்னுந் தொழிலாளர். தந்தையின் கயிற்றை மண்ணின்மேல் உருட்டி, அப்பள்ளங்களில் வெண்களியை நிரப்பி, தமக்கே உரிய கோலத்தை அவர் ஆக்கிக்கொண்டார். புதுமையை நெடுந்தொலைவிலே தேடிய இளைஞருக்கு அது பிறந்த வீட்டிலேயே காத்திருந்தது! 1996ஆம் ஆண்டில் அவரும் குருவைப் போலத் தேசியச் செல்வமாக மதிக்கப்பெற்றார்.

ஹமாடா வாழ்ந்த மனை இப்போது பொருட்காட்சிச்சாலையாக உள்ளது. கூரை வேய்ந்த பழைய உழவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அவரே அமைத்த வளவு அது. 1977ஆம் ஆண்டில் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்து, அடுத்த ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். உள்ளே அவருடைய படைப்புகளினும் பிறருடையனவே என் கண்ணை நிறைத்தன. பல நாட்டுச் சாடிகள், துணிகள், கதிரைகள். பெரும்பாலும் பெயரறியாதார் செய்தவை. தம்மைத் தோற்கடித்தன என்று கருதிய பொருள்களையே அவர் வாங்கிச் சேர்த்தாராம். புகழின் உச்சியில் நின்றவர், நாள்தோறும் தம்மை மாணாக்கராக்கும் பொருள்களின் நடுவே வாழ்ந்தார்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பூமியதிர்ச்சி இவ்வூர்ச் சூளைகள் பலவற்றை உடைத்தது. ஹமாடாவின் சூளையும் தப்பவில்லை. ஊரார் அதனைச் செப்பனிட்டனர். 2015ஆம் ஆண்டில், குயவர் பலர் தத்தம் பாண்டங்களைக் கொணர்ந்து ஒன்றாக அடுக்கி, நெடுநாட் குளிர்ந்து கிடந்த அச்சூளையில் மீண்டும் தீமூட்டினர். ஒருகாலத்தில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட அயலாரின் சூளை, ஊரின் பொதுச் சொத்தாகிவிட்டது.

கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்துவைத்து, படிப்பென்றாற் கையில் மண்படாதிருத்தல் என்று பொருள்கொண்ட நம் சமுதாயத்துக்கு இவ்வூர் சொல்லும் செய்தி சிறிதன்று. ஹமாடா தம் படிப்பை எறிந்துவிட்டு மண்ணிடம் போகவில்லை, படிப்போடு போனார். மண்ணறிந்த கிழவியின் தூரிகை தம் கல்லூரி அறியாததை அறியும் என்ற பணிவோடு போனார். மாணவர்களே, உங்களுள் யாரேனும் ஒருவர் கைவினையை நாடினால் அதற்காக நாணவேண்டியதில்லை. நல்ல மண் கிடைக்கும் வரையிற் காத்திருக்கவும் வேண்டியதில்லை. காலடியில் உள்ளது எதுவோ அதனை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெற்றோரும், பிள்ளை சேறுபூசிய கையோடு வீட்டுக்கு வருங்கால், கழுவச் சொல்லுமுன் அவன் என்ன செய்தான் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.