ரீபோர் பட்டறையில் கற்ற பாடம்

தேர்த்திருவிழாவில் பலூன் சுடுவார்களே, அந்த மாதிரி ஏர்கன் ஒன்று அப்பாவிடம் இருந்தது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து வந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளும். பிஸ்டன் முனையில் தோல் வாஷர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த நாட்கள். எனக்கு வயது 15. சிலிண்டர் வழவழப்பானால் வேகம் கூடும் என்று நினைத்து, அப்பா இல்லாத நேரத்தில் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி மேலும் கீழும் தேய்த்தேன். நீளவாக்கில் கீறல் விழுந்து, காற்றெல்லாம் அதன் வழியே கசிந்தது. பிறகு பலூன்கூட உடையவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். அவர் இருந்தவரை நானும் சொல்லவில்லை.

வேலை நிமித்தம் நாமக்கல் வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். போன மாதம் பேரன் பரணிலிருந்து அதை இறக்கினான். லாரி இன்ஜின் ரீபோர் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

"ஏனுங்கய்யா, வாஷரு தோலுங்களா, ரப்பருங்களா? அதச் சொன்னாத்தானுங்க கல்லு எடுக்க முடியும்" என்றார் மேஸ்திரி.

விளக்கமும் சொன்னார். ஹோனிங் கல் சுற்றிக்கொண்டே ஏறி இறங்குவதால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, வலை போல விழும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். கண்ணாடி போல மெருகேற்றினால் எண்ணெய் நிற்காது. தோல் எண்ணெய் குடித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சொரசொரப்பைத் தாங்கும். ரப்பருக்கு அந்தக் கோடுகளே அரம் மாதிரி. அதற்கு இன்னும் நைசான கல் வேண்டும்.

பிரெஞ்சில் 'ரொதாஜ்' என்று ஒரு சொல். உலோகத்தை இப்படித் தேய்த்துப் பொருத்துவதற்கும் அதுதான், புது வண்டியை மெதுவாக ஓட்டிப் பழக்குவதற்கும் அதுதான். பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லுக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது.

அப்பா வைத்திருந்தபடி தோலே இருக்கட்டும் என்றேன். கீறல் மறையும்வரை தேய்த்ததில் துளை கொஞ்சம் அகன்றது. அதற்கேற்பப் புது வாஷர் வெட்டினார். கல்தூள் தங்கினால் எல்லாம் வீண் என்று, வெள்ளைத்துணி அழுக்காகாமல் வரும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். எண்ணெயும் துளிதான், அதிகமானால் நெருக்கத்தின் சூட்டில் டீசல் இன்ஜின் போல உள்ளேயே பற்றிக்கொள்ளுமாம்.

மண்மேட்டின் முன் அட்டையை வைத்துச் சுட்டோம். பளிச்சென்று துளை விழுந்தது.

"இதை முதல்ல கெடுத்தது யாரு தாத்தா?"

"நான்தான்டா" என்றேன். அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியது.