மூன்றாம் மாடிக்கு என்ன கணக்கு?

கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவருக்குப் பொழுது விடிவது லோடு லாரி வரும்போதுதான். மதுரைக்கு வெளியே, வயலும் வீட்டுமனையுமாகக் கலந்து கிடக்கும் ஓர் இடத்தில் அந்த ஏஜென்சியின் குடோன் இருக்கிறது. நான் போனபோது ஓட்டுநர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மணி எட்டு. அவர்கள் ஆறரைக்கே வந்துவிட்டவர்கள். "காலையில லோடு வந்துரும், வெள்ளன வந்துருங்க" என்று முந்தின நாள் ராத்திரி போன். லாரி வந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது.

அந்த நாலரை மணி நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இந்த ஏஜென்சியில் மாதச் சம்பளம் என்று ஒரு சின்னத் தொகை உண்டு. மற்றதெல்லாம் வீட்டில் இறக்கிய சிலிண்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு. சும்மா உட்கார்ந்திருந்தால் வருமானம் இல்லை. எழுந்து வேறு வேலைக்குப் போகவும் முடியாது. கேஸ் நிரப்பும் பிளான்ட்டில் மெஷின் நின்றிருக்கலாம், லாரி ரிங் ரோட்டில் மாட்டியிருக்கலாம். 2025 மார்ச் 27-ஆம் தேதி, பிளான்ட்டுகளுக்கு கேஸ் ஏற்றிவரும் தென்மாநில டேங்கர் லாரி உரிமையாளர்கள் புதிய டெண்டர் விதிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது சில நாட்களில் முடிந்தது. செய்தியில் 'தட்டுப்பாடு வருமா' என்றுதான் பேசினார்கள். தட்டுப்பாடு வந்தாலும் வராவிட்டாலும், எப்போது லோடு வரும் என்று தெரியாமல் குடோன் வாசலில் காத்திருக்கும் ஆட்கள் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

நான் கூடப் போன ஓட்டுநருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருஷமாக இதே தொழில். முதலில் மூன்று சக்கர சைக்கிள், பிறகு லோடு ஆட்டோ, இப்போது 'குட்டி யானை' மினி லாரி. ஏற்றி இறக்கக் கூட ஒரு இளைஞன். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், சொந்தமில்லை.

லாரி வந்ததும் நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பின் எடை பதினைந்து, பதினாறு கிலோ. ஆக ஒன்று முப்பது கிலோ. இதைத் தூக்குவதைவிட உருட்டுவதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. கழுத்து வளையத்தைப் பிடித்துச் சாய்த்து, அடி வளையத்தின் ஓரத்தில் நிறுத்தி, மணிக்கட்டை ஒரு சுழற்று. சிலிண்டர் தானாக நடந்து வருகிறது. அவர் இரண்டு கையிலும் இரண்டை உருட்டிக்கொண்டு நேர்கோட்டில் போகிறார். தம்பிக்கு இன்னும் ஒன்றுதான் வசப்பட்டிருக்கிறது. இரண்டாவது முழங்காலில் இடிக்கிறது. வண்டியில் ஏற்றும்போது கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தை அவர் கண் தானாகப் படிக்கிறது. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே C, D. பக்கத்தில் உள்ள எண் வருஷம். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி நெருங்கிய ஒன்றைத் தனியே ஒதுக்கி வைத்தார். "இத வீட்ல கொண்டுபோய் எறக்குனா அந்த அக்கா எங்கிட்டதான சார் கேக்கும், பிளான்ட்லயா போய்க் கேக்கும்?"

குடோனுக்குள் செல்போன் கூடாது. தீப்பொறி பயம். எல்லாருடைய போனும் வாசலில் ஒரு மரப்பெட்டிக்குள். லோடு ஏற்றி முடித்து எடுத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகள் திரை நிறைய. எல்லாம் ஒரே கேள்வி: எப்ப வருவீங்க?

அந்தக் கேள்வியின் சூடு சில வருஷங்களாகக் கூடியிருக்கிறது. புக் செய்த எத்தனை நாளில் சிலிண்டர் போனது என்பதைப் பார்த்து ஏஜென்சிகளுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். வாடிக்கையாளரே அந்த நட்சத்திரத்தைப் பார்த்து ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2021-இல் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களில் சோதனை நடத்தினார்கள். வாங்குகிறவருக்கு இது நல்லதுதான். ஆனால் லாரி தாமதமானாலும் நட்சத்திரம் குறைவது ஏஜென்சிக்கு. ஏஜென்சியின் ஏச்சு விழுவது ஓட்டுநர் மேல். பதினொரு மணிக்கு மேல் வந்த லோடை அன்றைக்கே முடி என்றால் ராத்திரி ஒன்பதுக்கு முன் வண்டி நிற்காது.

மாசி வீதிகளுக்கு உள்ளடங்கிய சந்துகளில் வண்டி நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு உருட்ட வேண்டும். பழைய வீடுகளின் மாடிப்படி ஓர் ஆள் அகலம். படியில் உருட்ட முடியாது. தோளில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல்தான் ஏற்ற வேண்டும். மூன்று மாடி, நான்கு மாடி. லிப்ட் இருக்கும் அடுக்குமாடிகளிலும் சிலவற்றில், "லிப்ட்ல சிலிண்டர் ஏத்தக் கூடாது" என்று காவலாளி மறிக்கிறார். ஏறியவர் காலி சிலிண்டரோடு இறங்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் முழு சிலிண்டரோடே இறங்க வேண்டும்.

ஒரு வீட்டில் அப்படித்தான் ஆனது. மேலே போய்க் கதவைத் தட்டினால், பக்கத்து வீட்டம்மா "இப்பதான் ரேஷன் கடைக்குப் போனாங்க" என்றார். "அங்கயே வச்சுட்டுப் போங்களேன்" என்றும் சொன்னார். முன்பெல்லாம் வைத்துவிட்டுப் போயிருப்பார். இப்போது முடியாது. புக் செய்தவரின் போனுக்கு ஓர் எண் வரும். அதை வாங்கிப் பதிந்தால்தான் சிலிண்டர் கொடுத்ததாகக் கணக்கு. 2020 நவம்பரில் தொடங்கிய முறை இது. கள்ளச் சந்தைக்குச் சிலிண்டர் போவதைத் தடுக்க இது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதிந்த நம்பர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மகன் மீட்டிங்கில். எண் வந்து சேரும்வரை ஓட்டுநர் மாடிப்படியில் நிற்கிறார். கீழே சந்து முனையில் வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தம்பி ஹாரன்காரர்களிடம் திட்டு வாங்குகிறான்.

அடுத்தது கேஒய்சி. மானியம் பெறுகிறவர்கள் ஆதார் வழியாகத் தங்களை உறுதிப்படுத்த வேண்டும் என்ற வேலை 2023 கடைசியில் வந்தது. ஏஜென்சி வாசலில் முதியவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று புகார் கிளம்பியபோது, 2024 ஜூலையில் பெட்ரோலியத் துறை அமைச்சர் விளக்கம் சொன்னார்: கெடு எதுவும் இல்லை, சிலிண்டர் கொண்டுவரும் ஊழியரே வீட்டில் செய்துகொடுப்பார். முதியவர்களின் வரிசை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அந்த வரிசை யார் தோளுக்கு மாறியது என்பதைச் செல்லூரில் ஒரு வீட்டில் பார்த்தேன்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி. ஓட்டுநர் சிலிண்டரை அடுப்படியில் இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் சொந்த போனை எடுத்துப் பாட்டியின் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆத்தா, கண்ணச் சிமிட்டுங்க." பாட்டி இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "மூடாதீங்க ஆத்தா, சிமிட்டுங்க. இப்பிடி." அவர் சிமிட்டிக் காட்டினார். பாட்டி சிரித்துவிட்டார். படம் ஏற்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குக் கூட்டிவந்தார். வாசலில் சிக்னல் இல்லை. தெருவுக்கு வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டை விலக்கி, மறுபடி சிமிட்டி, பச்சை டிக் விழுந்தபோது பதினைந்து நிமிஷம் போயிருந்தது. பாட்டி உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "சாமி, நீ நல்லா இருக்கணும்." அவர் அதை நின்றபடியே குடித்தார். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் இரண்டு சிலிண்டர் போட்டிருக்கலாம். அந்த இரண்டுக்கு உள்ள காசுதான் அவர் கணக்கில் குறைகிறது. போனும் அவருடையது, டேட்டாவும் அவருடையது.

இன்னொன்று பாதுகாப்புச் சோதனை. ரப்பர் டியூப் வெடித்திருக்கிறதா, ரெகுலேட்டர் சரியாக உட்கார்கிறதா, அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துப் போனில் குறித்துக்கொள்ள வேண்டும். இதை அவர் மனதாரச் செய்கிறார் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். புது சிலிண்டரின் மூடியைக் கழற்றி, வாய்க்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அவர் ஒரு வீட்டையும் விட்டு இறங்கவில்லை. ஒரு வீட்டில் ரெகுலேட்டரை மாட்டி, அது வால்வில் சேரும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு குமிழி மெல்ல எழுந்தது. வாஷரில் கீறல். பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, குமிழி இல்லை என்று அந்த வீட்டுப் பெண்ணிடமும் காட்டினார். ஒரு குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை அது. அதற்கு நேரம் கொடுக்காமல், அதையும் செய், அத்தனை வீட்டுக்கும் போ என்றால் முதலில் விடுபடப் போவது அந்தக் குமிழியைப் பார்க்கும் நிமிஷம்தான். என் கவலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இப்படிச் சுமை தூக்குகிறவர் எழுத்தராகவும் மெக்கானிக்காகவும் ஆகிவிட்டார். போதாக்குறைக்குப் புது டியூப் விற்கச் சொல்லி ஏஜென்சியில் இலக்கு வைக்கிறார்கள். அடுப்பு, லைட்டர்கூட வண்டியில் கிடந்தன. வேலை இத்தனை மடங்கானபோதும் கூலிக் கணக்கு மட்டும் 'சிலிண்டருக்கு இவ்வளவு' என்பதிலேயே நிற்கிறது.

டிப்ஸ் விவகாரத்துக்கு வருகிறேன். வாசிப்பவர்களில் பாதிப்பேருக்கு இவர்கள்மேல் உள்ள கோபம் இதுதான். பில்லில் உள்ள தொகைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவும் விலைக்குள்ளேயே இருக்கிறது என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்கின்றன. அது உண்மை. கேட்டு வாங்குவதும், கொடுக்காத வீட்டுக்கு அடுத்த முறை இழுத்தடிப்பதும் தவறு. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நான் கூடப் போனவர் கேட்கவில்லை, கொடுத்தால் வாங்கிக்கொண்டார். தரைத்தள வீட்டில் ஐம்பது ரூபாய் நீட்டினார்கள். நான்காம் மாடியில் "ஆன்லைன்ல கட்டியாச்சு" என்று கதவு சாத்தினார்கள். முன்பு பில்லுக்கு நோட்டு நீட்டிவிட்டு, "மீதியை வச்சுக்கங்க" என்று சொல்லும் வழக்கம் இருந்தது. போனில் பணம் கட்டும் பழக்கம் வந்தபின் அந்தச் சில்லறையும் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியபோது, அதைக் கொடுக்க வேண்டியவர்களின் வாதம் முழுவதையும் வாசலில் நின்று கேட்டவரும் இவர்தான்.

படிக்கட்டுக்கு ஒரு விலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பில்லில் எழுத மாட்டோம், வாசலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டதால், தூக்குகிறவரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவருமே சம்பளக்காரர்கள், பெரும்பாலும்.

ஓட்டுநரிடம் சித்திரைத் திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். மதுரைக்காரர் ஆயிற்றே, முகம் மலர்ந்தது. தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளிலும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் உள் ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அந்த நாள்களில் வருமானம் கிடையாது. அது முடிந்ததும், ஊரிலிருந்து வந்த சொந்தபந்தத்துக்குச் சமைத்துச் சமைத்து எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சிலிண்டர் தீர்ந்திருக்கும். "அழகர் மலைக்குத் திரும்புறத ஒரு வருஷங்கூட நிம்மதியாப் பாத்ததில்ல சார். அன்னைக்குத்தான் அம்புட்டு புக்கிங்கும்." தீபாவளிக்கு முந்தின இரவும் பொங்கலுக்கு முந்தின நாளும் இதே கதைதான்.

தூரமும் கூடிவிட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் தொடங்கியது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. புகையில் இருமிய எத்தனையோ பெண்களை விடுவித்த காரியங்கள் இவை. விறகடுப்பு இருந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது சிலிண்டர் போகிறது, அதற்கு ஒரு வண்டியும் போகிறது. கடைசித் தெருவில் இரண்டே வீடு என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

ஏஜென்சி நடத்துகிறவரிடமும் பேசினேன். அவர் பக்கமும் கணக்கு இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு முகவருக்கு 2025-இல் கிடைத்த கமிஷன் 73 ரூபாய் 8 காசு. குடோன், அலுவலகம், டீசல், வண்டித் தவணை, ஆள் கூலி எல்லாம் அதற்குள். இதைக் குறைந்தது 150 ரூபாய் ஆக்க வேண்டும் என்று முகவர்களின் சங்கம் 2025 ஏப்ரலில் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு எழுதியது. நியாயமான கோரிக்கையாகவே எனக்குப் படுகிறது. அதை ஓட்டுநரிடம் சொன்னபோது அவர் தாமதிக்காமல் கேட்டார்: "கமிஷன் ஏறுனா எங்களுக்கும் ஏறும்னு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா சார்?"

செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டுபோகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 கடைசியில் தனி நலவாரியம் அமைந்தது. இந்த ஓட்டுநரை வேலைக்கு அழைப்பது செயலி இல்லை, ஏஜென்சியின் போன். அவர்களைப்போலவே நேரம் தெரியாத வேலை, அவர்களைவிடக் கனமான சுமை. கமிஷனை ஏற்றும்போதே அதில் ஒரு பங்கு தூக்குகிறவருக்கு என்று தனியே பிரித்து எழுத வேண்டும். மாடிக்கு ஒரு தொகையை நிறுவனமே பில்லில் ஏற்றி, அது ஓட்டுநரின் கணக்குக்குப் போக வேண்டும். கேஒய்சிக்கும் சோதனைக்கும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வைக்க வேண்டும். குடோன் வாசலில் காத்திருக்கும் மணி நேரத்துக்கும் கூலி வேண்டும்.

அவர் கேட்டது இதைவிடச் சின்னது. லாரி பிளான்ட் கேட்டைத் தாண்டும்போதே ஏஜென்சிக்குத் தகவல் வந்துவிடுகிறது. அதை அப்படியே ஓட்டுநர்களின் போனுக்கும் அனுப்பிவிடலாம். "பதினோரு மணிக்குத்தான் லோடுன்னு தெரிஞ்சா, புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு, ஒரு வாய் சாப்டுட்டு வருவேன் சார். அம்புட்டுதான்." ஏஜென்சிக்காரரிடம் இதைச் சொன்னேன். செலவில்லாத காரியம்தான், பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் ஓட்டுநருக்கு போன் செய்து கேட்டேன். இன்னும் ஆறரைக்குத்தான் வரச் சொல்கிறார்களாம்.