மாஸ்டர் பாத்ரூமுக்கு யார் மாஸ்டர்?

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பிளான் அனுப்பியிருந்தான். மேலே கொட்டை எழுத்தில் 'மாஸ்டர் பாத் வித் வாக்-இன் க்ளோசெட்'. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு மிரண்டுபோய்க் கேட்டார். "ஏன்டா, க்ளோசெட்டுக்குள்ள நடந்து போவாங்களா? அதுல துணி வேற மாட்டுவாங்களா?"

சிரிக்காதீங்க பாஸ். விருத்தாசலத்தில் எந்த ஹார்டுவேர் கடையில் க்ளோசெட் கேட்டாலும் உட்காருகிற பீங்கானைத்தான் காட்டுவார்கள். அங்கே அது துணி அலமாரி. க்ளோசெட் என்றால் மூடிய சின்ன அறை, அவ்வளவுதான். அதில் தண்ணீர் வசதி வைத்தபோது 'வாட்டர் க்ளோசெட்' ஆச்சு, சுருக்கி டபிள்யூ.சி. நம்ம பக்கம் அறை கழன்றுபோய், பீங்கான் மட்டும் பேரைப் பிடித்துக்கொண்டது.

பீங்கான் என்றால் எனக்குக் கொஞ்சம் ஓவராகவே வாய் நீளும். செராமிக் டிப்ளமோ, ரெண்டாம் வருஷம். எங்க ஊர் பீங்கான் ஊர். ஃபியூஸ் கேரியர், கப், பொம்மை, கார்த்திகை விளக்கு என்று சின்னச் சின்ன சூளைகளில் வெந்து வெளியூர் போகும். பக்கத்து வடலூரில் ஒரு காலத்தில் 'நெய்சர்' க்ளோசெட்டும் வாஷ்பேசினும் தயாராச்சு. கடலூர் மாவட்டத்துப் பழைய வீடுகளில் அந்தப் பேரை இன்னும் பார்க்கலாம். இப்போ எங்க ஊர் கடையில் அடுக்கியிருக்கும் டைல்ஸ் பெட்டிகளில் பாதிக்கு மேல் குஜராத் மோர்பி சரக்கு. இத்தனை பீங்கானுக்கு நடுவில் எங்க வீட்டுக் கழிவறை, கொல்லைக் கோடியில் சிமென்ட் பூசின ஒரு இண்டியன் குழி. பின்வாசலில் இருந்து 22 எட்டு.

அப்பா சீட்டு எடுத்திருந்தார். அவர் படுக்கிற அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம், அம்மாவுக்குத் துணி அலமாரி. இதுதான் திட்டம். அறை 16 அடிக்கு 10 அடி. "நீதான் படிக்கிறியே, போட்டுக் குடு" என்று பேப்பரை என்னிடம் தள்ளிவிட்டார்.

கடைசிச் சுவரை ஒட்டி 5 அடி அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். பாத்ரூம் 10-க்கு 5. நீளமாக, ரயில் பெட்டி மாதிரி. ஆனால் நீளத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கதவுப் பக்கம் வாஷ்பேசின், நடுவில் வெஸ்டர்ன், கடைசி 4 அடியில் குளியல். முகம் கழுவப் போகிறவர் சோப்புத் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். குறுக்கே நாலரை அங்குலச் செங்கல் சுவர் போனால் அறைக்கு மிச்சம் 10 அடி ஏழரை அங்குலம். அதில் அலமாரி ஆழம் 2 அடி. ஹேங்கரில் சட்டை நேராகத் தொங்க அவ்வளவு வேணும். சித்தப்பா பையன் பிளானில் துணிகளுக்கு நடுவே நடந்துதான் குளிக்கப் போகணும். நம்ம ஐப்பசி மழைக்கு அது ஒத்துவராது, பட்டுப்புடவையில் காளான் முளைக்கும். அதனால் பாத்ரூம் சுவரில் சாய்க்காமல், எதிரே ஈரமே படாத ஹால் பக்கச் சுவருக்கு அலமாரியைத் தள்ளிவிட்டேன்.

இங்கே வகுப்புப் பாடம் ஒன்று கைகொடுத்தது. களிமண்ணை அச்சில் ஊற்றும்போது இருக்கிற அளவு, சூளையிலிருந்து வரும்போது இருக்காது. காய்ந்தும் வெந்தும் 10 சதவீதம் வரைக்கும் சுருங்கும். அதனால் அச்சையே பெரிசாகத்தான் செய்வோம். வீடும் அப்படித்தான். செங்கல் சுவருக்கு மேல் பூச்சு, அதுக்கு மேல் டைல்ஸ், பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். பேப்பரில் 60 அங்குல அகலம், குளிக்கப் போகும்போது 57தான். க்ளோசெட் சுவரிலிருந்து 28 அங்குலம் முன்னால் நீட்டினால், முழங்காலுக்கு முன்னே 29 இருக்கும். 2 அடி இருந்தாலே போதும், அதனால் பாஸ். பக்கச் சுவரிலிருந்து பீங்கானின் நடுக்கோடு 15 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைஞ்சா முழங்கை இடிக்கும்.

டைல்ஸ் கடையில் அப்பாவுக்குக் கண்ணாடி மாதிரி மின்னுகிற 2-க்கு 2 தான் பிடித்தது. நான் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, உடைந்த ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுவர் டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய, நாக்கு ஒட்டும். விட்ரிஃபைடு ஒட்டாது, அது அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. தரைக்கு அதுதான் சரி. ஆனால் மின்னக்கூடாது. ஈரக்காலோடு மின்னும் தரை சறுக்குமரம். மேட் ஃபினிஷ், அதுவும் ஓரடிக்கு ஓரடி. கல் சின்னதானால் இணைப்புக் கோடு கூடும், கோடு கூடினால் பிடிமானம் கூடும்.

எல்லாம் சரி என்று நிமிர்ந்தபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது.

ஆயாவுக்குச் சிறுநீரில் தொற்று, காய்ச்சல். ஒரு வருஷத்தில் மூன்றாவது தடவை. "தண்ணி குடிக்கிறதே இல்லையா பாட்டி?" என்று டாக்டர் கேட்டதுக்கு ஆயா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அக்காதான் நைசாகப் பேசிக் கறந்தாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் ஆயா தண்ணீரே தொடுவதில்லையாம். குடித்தால் ராத்திரி எழுந்திருக்கணும். எழுந்தால் இருட்டில் அந்த 22 எட்டு. முட்டிவலியோடு குழியில் குந்தி எழுந்து, திரும்பவும் 22. "யாரையாச்சும் எழுப்பினா தூக்கம் கெடும்ல சாமி..."

பேப்பரை மறுபடி விரித்தேன். எவ்வளவு அழகான பிளான்! ஆயா படுப்பது ஹாலில். பாத்ரூமுக்கு ஒரே கதவு, அதுவும் அப்பா அம்மா அறைக்குள். மகனும் மருமகளும் தூங்குகிற அறையை ராத்திரி ரெண்டு மணிக்குத் தாண்டிப் போவாரா ஆயா? உயிர் போனாலும் மாட்டார். மாஸ்டர் பாத்ரூம் வந்த பிறகும் அந்த அஞ்சு மணிக் கணக்கு அப்படியேதான் இருந்திருக்கும்.

அம்மா சொன்னார், "அத்தையை ரூம்ல படுக்க வைப்போம், நாம ஹாலுக்கு வந்துடலாம்." ஆயா ஒரே வார்த்தையில் "முடியாது." அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வழி சொன்னவர் கொத்தனார் அண்ணன். "தம்பி, உங்க பாத்ரூமோட கட்டைச் சுவர் பின்கட்டு நடையைத்தானே பார்க்குது? அங்க இன்னொரு கதவு விடு." ஹாலிலிருந்து நடை வழியே நேராக வரலாம். மொத்தம் 9 எட்டு, எல்லாம் கூரைக்குக் கீழே. கூடுதல் கதவுக்கான செலவை ஷவர் பேனலில் கழித்தோம். அப்பா அரை மனசாகத் தலையாட்டினார்.

அதுக்கப்புறம் பிளானை ஆயா காலால் வரைந்தோம் என்றே சொல்லலாம். அறைத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் கோடு போட்டு ஆயாவை நடக்க விட்டோம். நாற்காலியிலிருந்து எழும்போது கை தானாக எங்கே போகிறதோ, அங்கே சுவரில் ஒரு குறி. கைப்பிடிக் கம்பி அந்த இடத்தில்தான். செங்கல்லில் இறுக்கணும், டைல்ஸை மட்டும் நம்பிப் போட்டால் கம்பியோடு ஆளும் வந்துவிடும். வாசல் தட்டுப்படி கிடையாது; குளிக்கும் இடத்தின் 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். ரெண்டு கதவும் வெளியே பார்த்துத்தான் திறக்கும். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் தள்ளித் திறக்க முடியாதே!

ரெண்டு கதவு என்றதும் புது வம்பு. உள்ளே போனவர் ரெண்டையும் தாழ் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து வெளியே வந்தால்? மற்ற கதவுக்காரர் நிலைமை அம்போ! அக்கா மூன்று நாள் யோசித்து, ரெண்டிலும் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கிற பூட்டு போடச் சொன்னாள். ஆபத்துக்கும் உதவும்.

தை பிறந்ததும் வேலை ஆரம்பம். வயரிங் பிளான் மட்டும் பாக்கி. நடை விளக்குக்கு ரெண்டு சுவிட்ச்: ஒன்று பாத்ரூம் வாசலில், இன்னொன்று ஆயா கட்டில் தலைமாட்டில். எந்த உயரம் என்று கேட்டேன். ஆயா படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினார். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.