ஆலங்குளம் போன ஹவாய் செருப்பு

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'ஆலங்குளம் போகணும்' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்த ஆலங்குளம்?' என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரோட்டில் ஒரு ஆலங்குளம் இருக்கிறது. 2019-லிருந்து அது தென்காசி மாவட்டம். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாகப் போனால் இன்னொரு ஆலங்குளம். இது விருதுநகர் மாவட்டம். 'சிமென்ட் பாக்டரி ஆலங்குளம்' என்று அழுத்திச் சொல்லவில்லையென்றால் ஆள் வேறு திசைக்குப் போய்விடுவார்.

நான் போயிருக்கிறேன். அதுவும் பெண் பார்க்க! தென்காசி ரோட்டு ஆலங்குளத்தில் இறங்கி வீடு வீடாக நான் விசாரித்துக்கொண்டிருக்க, சிமென்ட் ஆலங்குளத்தில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிப்போயின. 'வழி கேட்கக்கூடத் தெரியாத பிள்ளை, வம்பு தும்புக்குப் போகாது' என்று மாமா முடிவு செய்து பெண் கொடுத்துவிட்டார்.

மாமா அந்த சிமென்ட் ஆலையில்தான் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அரசாங்க ஆலை. 1970-ல் உற்பத்தி தொடங்கியது. 1976-ல் டான்செம் என்கிற தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகம் உருவானபோது அதன் குடைக்குள் வந்தது. 'அரசு' சிமென்ட் மூட்டை பார்த்திருப்பீர்கள். 2021-ல் 'வலிமை' என்று இன்னொரு பெயரிலும் வந்தது. மாமா வீட்டில் எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் கடைசியில் சுண்ணாம்புக்கல்லில் போய்த்தான் நிற்கும்.

இந்தப் புரட்டாசியில் மச்சினன் மகளுக்கு அங்கே காதுகுத்து. மதுரையிலிருந்து முதல் தடவையாக என் சொந்தக் காரில் கிளம்பினோம். நான், இல்லத்தரசி, ஏழு வயது மகள்.

'சொந்தக் கார்' என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். செகண்ட் ஹாண்ட் மாருதி 800. 2014-லேயே இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் பி.காம். படித்தவன். வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் வண்டியின் மதிப்பு அதிலிருக்கும் பெட்ரோலைவிடக் குறைவு. ஆனாலும் சொந்தக் கார் சொந்தக் கார்தானே! சீட் கவர் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் அலைந்தேன். டாஷ்போர்டுக்குப் பிள்ளையார், பம்பருக்கு எலுமிச்சம்பழம், பின் கண்ணாடிக்குக் குலதெய்வம் பெயர் எல்லாம் ஆயிற்று. காலில் என்ன போட்டிருக்கிறோம் என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

போட்டிருந்தது ஹவாய் செருப்பு. பாத்ரூமுக்கும் பலசரக்குக் கடைக்கும் போட்டுக்கொண்டு போகிற அதே நீலவார் செருப்பு.

விருதுநகர் தாண்டி, ஆமத்தூர் வழியாக சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று ஊரே மாறிவிட்டது. வானம் பார்த்த பூமி, மழை குறைவு. விவசாயிக்குச் சாபம். வெடிமருந்து காயவைக்கிறவருக்கு வரம்.

சிவகாசியைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல முள். நடுநடுவே கம்பி வேலி. வேலிக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக இந்த இடைவெளி. மருந்து வைத்து வேலை செய்கிற அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கும் உண்டு. இந்தக் கணக்குகள் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். ஏறக்குறைய 40 பேர் போனார்கள்.

"அப்பா, அங்க பாரு... எல்லாச் செருப்பும் வெளியே கிடக்கு. உள்ளே சாமி இருக்கா?" என்றாள் மகள்.

ஓர் அறை வாசலில் வரிசையாகச் செருப்புகள். "வெயிலுக்குக் கழற்றிப் போட்டிருப்பாங்க" என்று ஏதோ உளறி வைத்தேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் நம்புகிற வயது அது. கெடுப்பானேன்?

வெம்பக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினேன். இங்கே வைப்பாற்றங்கரையில் 2022-லிருந்து தொல்லியல் துறை அகழாய்வு செய்து, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் எடுத்திருக்கிறது. நான் எடுத்தது வேறு! அப்போதுதான் ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. கரிசல் மண் இருக்கிறதே, காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஒட்டும். டீக்கடைக்கும் காருக்கும் நடுவே பத்தடி நடந்ததில் ஒவ்வொரு செருப்பிலும் ஓர் அங்குலத்துக்கு மண் ஏறிவிட்டது. திடீரென்று ஒரு அங்குலம் உயரமான சந்தோஷத்தில் அப்படியே ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் ஒரு வேன் நிற்கிறது. பட்டாசு ஆலை வேலை முடிந்து வருகிறவர்கள் இறங்குகிறார்கள். கையில் தூக்குவாளியோடு நாலைந்து பெண்கள் வேனுக்கு முன்பக்கமாக வந்து ரோட்டைக் கடக்கிறார்கள்.

நான் 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனேன். பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. வந்த பாதிச் செருப்பும் மடங்கி பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டது. மிதிக்கிறேன், பெடல் இறங்கவில்லை! மறுபடி மிதிக்கிறேன், மண்ணில் கால் வழுக்குகிறது. "என்னங்க...!" என்று ஓர் அலறல். இடது கையால் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி ரோட்டைவிட்டு இறங்கி, கருவேல முள்ளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் பயத்தில் கை நழுவி ரோட்டில் உருண்டது. அந்தக் 'கடகட' சத்தம் இன்றைக்கும் ராத்திரியில் கேட்கிறது.

பி.காம். மூளை பிறகு கணக்குப் போட்டது. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். செருப்போடு நான் மல்லுக்கட்டியது ஒன்றரை விநாடி என்று வையுங்கள். பதினாறு மீட்டருக்கு மேல் பிரேக்கே இல்லாமல் போயிருக்கிறேன். அந்தப் பதினாறாவது மீட்டரில் ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

நடுங்கிக்கொண்டே இறங்கினேன். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் வாளியை எடுத்து, நசுங்கிய இடத்தைத் தடவிவிட்டு, என் காலைப் பார்த்தார்.

"என்னா தம்பி, செருப்பு மாட்டிக்கிடுச்சா?"

"ஆமாக்கா... மன்னிச்சுக்கோங்க."

"நாங்க மருந்து ரூமுக்குள்ள போகும்போது செருப்பை வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் போவோம். செருப்புல ஒட்டுன மண்ணு உரசினாலே போதும், பத்திக்கிடும். ஆணி கீணி இருந்தா கேக்கவே வேணாம். உசிரு போற எடம்னா காலைப் பாத்துத்தான் வைக்கணும். நீங்களும் அப்படிச் செய்யலாம்ல?"

அவ்வளவுதான். போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "அப்ப சாமி இல்லையாப்பா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், சுண்ணாம்புக்கல் பேச்சை அவரே ஒத்திவைத்தார்.

"மாப்ளே, நான் முப்பது வருஷம் சேஃப்டி ஷூ போட்டவன். கல்லு விழுந்தாலும் விரலு தப்பிக்கணும்னு முன்னாடி இரும்பு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வேலைக்கும் காலுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? கார் ஓட்டுறது வேலையில்லையா?" என்றவர், பரண்மேல் கிடந்த அந்த ஷூவையே எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டு ஓட்டிப் பாருங்க."

ஆலங்குளத்துத் தெருவில் ஒரு ரவுண்டு. ஒரே பாதம் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே காலுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆட்டுக்குட்டிகளும் ஒரு கோழியும் உயிர் தப்பின.

"அப்ப இதுவும் ஆகாது" என்றார் மாமா. எனக்காகத்தான் இந்தச் சோதனை என்று பிறகு புரிந்தது.

அடுத்து வெறுங்கால். லாரி டிரைவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பெடல் காலோடு பேசும், நிஜம்தான். ஆனால் கால் ஈரமாக இருந்தாலோ வியர்த்தாலோ வழுக்கும். அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது உள்ளங்கால் வலிக்கும், வலித்தால் கால் தானாகப் பின்வாங்கும். கண்ணாடி உடைகிற மாதிரி ஏதாவது நடந்து இறங்கி ஓட வேண்டியிருந்தால் அதோகதி. அதைவிட ஆபத்து, கழற்றிய செருப்பைக் காலடியிலேயே போட்டுவைப்பது. பிரேக் போட்டால் அது முன்னால் வழுக்கிப் பெடலுக்கடியில் போய் உட்காரும். தண்ணி பாட்டிலுக்கும் இதே குணம் உண்டு.

கால்மிதி மட்டும் யோக்கியமா? 2009-ல் அமெரிக்காவில், நழுவிய கால்மிதியில் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொள்கிறது என்று டொயோட்டா கம்பெனி 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஒரு துண்டு ரப்பர் செய்த வேலை!

'செருப்புப் போட்டு ஓட்டினால் பைன் போடுவார்களா?' என்று கேட்பீர்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது இப்படி ஒரு வதந்தி ஊரெல்லாம் ஓடியது. லுங்கி கட்டினாலும் பைன், அரைக்கைச் சட்டைக்கும் பைன் என்றார்கள். அப்படியெல்லாம் சட்டத்தில் இல்லை என்று மத்திய மந்திரி நிதின் கட்கரியின் ஆபீஸே விளக்கம் கொடுத்தது. பைன் இல்லை, வாஸ்தவம். ஆனால் அந்தத் தூக்குவாளி உருண்டதே, அதற்கு எந்தச் சட்டத்தில் ரசீது கிழிப்பார்கள்?

பிரிட்டனில் சாலை விதிப் புத்தகத்திலேயே, வண்டியைச் சரியாக இயக்கத் தடையாக இருக்கிற காலணியும் உடையும் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆர்.ஏ.சி. என்கிற அங்குள்ள வாகன அமைப்பு இன்னும் நுணுக்கமாக, அடிப்பாகம் 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், அதற்காக அப்பளமாகவும் வேண்டாம் என்கிறது. இத்தாலிக்காரர்கள் ஒரு படி மேலே போய், 1963-ல் கார் ஓட்டுவதற்கென்றே அடியில் ரப்பர்க் குமிழ் வைத்த ஷூ செய்து காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதன் விலைக்கு என் கார் மாதிரி இன்னொன்று வாங்கலாமோ என்னவோ!

மாமா அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் சிவகாசி கடைவீதிக்கு அழைத்துப்போனார். கடைக்கார அண்ணாச்சி பளபளவென்று ஒரு தோல் ஷூவை எடுத்து நீட்ட, மாமா அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து, "வழுக்கும், வேணாம்" என்றார். இன்னொன்று முன்பக்கம் விரிந்து படகு மாதிரி இருந்தது. "பக்கத்து பெடலை இடிக்கும்." பிறகு என் இல்லத்தரசியின் குதிகால் செருப்பைப் பார்த்து, "ஏம்மா, நீ கார் கத்துக்கிட்டாலும் இது ஆகாது. குதிகால் தரையில பதிஞ்சாத்தான் காலு பெடலுக்குப் பெடல் திரும்பும்" என்றார். கடைசியில் ஒரு சாதாரண கான்வாஸ் ஷூ. அடிப்பாகம் மெல்லிய, சொரசொரப்பான ரப்பர். குதிகாலைப் பிடித்துக்கொள்கிறது, அகலம் அளவாக இருக்கிறது, வளைத்தால் வளைகிறது. "இது காருக்குள்ளயே கெடக்கட்டும் மாப்ளே. கயித்தை நீளமா விடாம முடிஞ்சிக்கோங்க. ஏறும்போது மாட்டணும், எறங்கும்போது கழட்டணும். மண்ணே ஒட்டாது."

நானூறு ரூபாய் கேட்டார் அண்ணாச்சி. மாமா முன்னூற்றைம்பதுக்குப் பேசி முடித்தார். ஒன்றரை விநாடியின் விலை 350 ரூபாய். பி.காம். வாழ்க்கையிலேயே இவ்வளவு லாபமான கணக்கை நான் எழுதியதில்லை.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. பட்டு வேட்டிக்குக் கீழே கான்வாஸ் ஷூவோடு காரிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்துச் சொந்தபந்தம் சிரித்தது. சிரிக்கட்டும். அவர்களுக்கு வாளிச் சத்தம் கேட்கவில்லை.

திரும்புகிற வழியில் அந்த வளைவில் 20-க்கு இறக்கிவிட்டேன். காலையிலேயே வேன் வந்து போயிருக்க வேண்டும், ரோடு காலியாக இருந்தது. கருவேல முள்ளில் என் வண்டி பதித்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

"அந்த அக்கா எங்கேப்பா?" என்றாள் மகள்.

"வேலைக்குப் போயிருப்பாங்க. செருப்பை வெளியே கழட்டிப் போட்டுட்டு" என்றேன். இந்தத் தடவை சரியான பதில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றிப்போய் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவாவும் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் இல்லத்தரசி. ஷூவைக் காரில் கழற்றி வைத்துவிட்டு, நீலவார் ஹவாயைப் போட்டுக்கொண்டு கோயில் வாசல் வரை நடந்தேன். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் ஹவாயைக் காணோம்!

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் பேசுகிற பேச்சை ஆண்டாள் காது கொடுத்துக் கேட்க முடியாது. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுங்காலோடு கார் வரைக்கும் நடந்து, பாதத்தைத் துடைத்து, கான்வாஸ் ஷூவை மாட்டிக் கயிற்றை முடிந்தேன்.

"என்னங்க, திட்டாம வர்றீங்க?" என்றாள் ஆச்சரியத்தோடு.

"எடுத்துட்டுப் போன புண்ணியவான் நல்லா இருக்கட்டும். அவருக்கு சொந்தக் கார் மட்டும் இல்லாம இருக்கணும். அதான் இப்ப என் வேண்டுதல்."