சிறிய விமானம், குறுகிய ஆயுள்



பெங்களூருவில் குடியேறி ஆண்டுகள் பல ஆன பின்பும், பழைய விமான நிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்தை நம்மில் பலர் பேருந்தின் ஜன்னல் வழியே மட்டுமே கண்டிருப்போம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே சென்று பாருங்கள். 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்விடத்தில், இவ்வூர்த் தொழிற்சாலையில் உருவான விமானங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் 'அஜீத்' என்னும் சிறிய போர் விமானத்தின் அருகே சற்று நில்லுங்கள்.

இதன் முன்னோடி 'நாட்'. கொசு போன்ற சிறு பூச்சி என்பது அப்பெயரின் பொருள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 22 அடிதான். பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட அவ்வகை விமானம், உரிமம் பெற்றுப் பெங்களூருவிலும் கட்டப்பட்டது.

அத்தகைய நாட் விமானம் ஒன்றில்தான் 1971 டிசம்பர் 14 அன்று ஓர் இளைஞர் தம் கடைசிப் பயணத்தை மேற்கொண்டார். அவர் பெயர் நிர்மல் ஜித் சிங் செகோன். லூதியானாவை அடுத்த ஒரு கிராமத்தில், விமானப்படையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்தவர். முப்பது வயதை இன்னும் எட்டவில்லை.

அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தின்மேல் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் பாய்ந்தன. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையிலேயே செகோன் மேலெழும்பினார். தமக்கு முன் புறப்பட்ட தலைமை விமானியின் பார்வையிலிருந்து விலகி, தனித்தே போரிட்டார். எதிரி விமானங்கள் இரண்டு அவருடைய குண்டுகளுக்கு இலக்காயின என்று அவருடைய விருதுச் சான்றுரை கூறுகிறது. இறுதியில் அவருடைய விமானமும் வீழ்ந்தது. மலைப் பள்ளத்தாக்கில் சிதைவுகள் கிடைத்தன, உடல் கிடைக்கவில்லை. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்திய விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2023-இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

வாசகரே, விமானியின் பெயரை நாடு அறியும். ஆயின் அவ்வகை விமானத்தின் தகடுகளை இணைத்தவர், ஆணிகளைச் சரிபார்த்தவர் யார்? பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து, விடியற்காலையில் உணவுப் பொட்டலத்துடன் ஆலைக்குச் சென்ற தமிழரும் அவர்களுள் உண்டு. அவர்கள் செம்மையாய்ச் செய்த வேலையை நம்பியே ஓர் இளைஞர் குண்டு மழைக்கிடையே விசையை முன்தள்ளினார்.

சில நிமிடப் போர்தான். ஆனால் அதற்குப் பின்னே பலருடைய பல்லாண்டு உழைப்பு இருந்தது. திரும்பும் வழியில் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாரும் காணாத இடத்தில் இன்று நீங்கள் செய்யும் வேலையின்மேலும் ஒருவருடைய உயிர் சாய்ந்திருக்கலாம்.