அம்மாவுக்குப் புரிந்த விளையாட்டு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் அண்ணன் கேட்டதும் 'சூரிய சக்தியின் பயன்கள்' எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இந்த மூன்று வருஷத்தில் நான் அதிகமாக யோசித்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைகுனிவும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'அனதர் வேர்ல்ட்'. 1991-ல் பிரான்சின் டெல்பின் சாஃப்ட்வேர் வெளியிட்டது. நாம் யாரும் பிறக்காத காலம்! எரிக் ஷாஹி என்பவர் சுமார் இரண்டு வருஷம் உழைத்து, கதை, படம், புரோகிராம், அட்டை ஓவியம் வரை தானே செய்தார். இசைக்கு மட்டும் இன்னொருவர். சீனியர் அண்ணன் ஒருவர்தான் என் லேப்டாப்பில் அதன் இருபதாம் ஆண்டுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தார்.

லெஸ்டர் ஓர் இயற்பியல் விஞ்ஞானி. மழை ராத்திரியில் காரில் வந்து இறங்கி, ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கியை ஓட்டுகிறான். மின்னல் தாக்குகிறது. அடுத்த நொடி மேஜையோடு வேறோர் உலகத்தில், தண்ணீருக்கு அடியில் கிடக்கிறான். நான் இன்னும் படம்தான் ஓடுகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கீழேயிருந்து ஏதோ வந்து காலைப் பிடித்து இழுத்துப் போய்விட்டது. ஆட்டம் ஆரம்பித்ததே தெரியாமல் செத்தாச்சு!

திரையில் மதிப்பெண் கிடையாது, உயிர்க்கணக்கு கிடையாது, 'இப்படிப் போ' என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. இதைத்தான் பெரிய சிறப்பு என்பேன். ஏன் என்று எனக்குக் காட்டியது அம்மா.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். கையெழுத்து மட்டும் போடுவாள். சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து, பழைய லேப்டாப்பை 9,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தவள். ஒருநாள் ராத்திரி டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது என்ன பாடம்யா?"

"புராஜெக்ட்மா" என்றேன். வாய் கூசவில்லை.

லெஸ்டர் ஒரு கூண்டில் தொங்குகிறான். கூட இன்னொருவன், அந்த உலகத்து ஆள். கூண்டை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அறுந்து காவல்காரன் தலையில் விழும். வெளியே வந்ததும் அவன் லெஸ்டரின் தோளைத் தொட்டு என்னமோ சொல்வான். என்ன பாஷையோ! "கூட வாங்கான்" என்றாள் அம்மா. அப்புறம் தினமும் வந்து உட்கார்ந்தாள். எங்கே ஓடணும், எவன் சுடப்போகிறான் என்பதெல்லாம் எனக்கு முன்னே சொல்வாள். படித்தவன் நான், முழித்ததும் நானே.

நம் பிராஞ்ச்காரர்களுக்கு ஒரு சங்கதி. படங்களைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் பல கோண வடிவங்களாக வரைய வைத்திருக்கிறார். அதனால்தான் அத்தனை காட்சிகளும் ஃப்ளாப்பியில் அடங்கின. ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரையே மென்பொருளாக எழுதி, விளையாட்டை அதன்மேல் ஓட்டியிருக்கிறார். வேறு மெஷினுக்குக் கொண்டுபோக அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டரை மட்டும் திருப்பி எழுதினால் போதும். ஜாவா வகுப்பில் சார் விர்ச்சுவல் மெஷின் என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஜாவா வெளிவந்ததே 1995-ல்தான்!

குறையும் நிறைய. வழி தெரிந்தவன் அரைமணியில் முடித்துவிடலாம். 1992-ல் டாஸ் பதிப்பில் ஒரு பகுதியைக் கூட்டியும் நீளம் பற்றவில்லை. வழி தெரியாதவனுக்கோ ஒவ்வொரு அடியிலும் சாவு. புழு மாதிரி ஒன்று காலில் கீறினால் சாவு, அரை நொடி தாமதித்தால் சாவு. யோசித்துத் தப்பிக்க இடமில்லாத இடங்கள் உண்டு. செத்துப் பார்த்தால்தான் பள்ளம் தெரியும். இது சாமர்த்தியத்துக்கு வைத்த பரீட்சை இல்லை, மனப்பாடம். துப்பாக்கி ஒன்றே சுடவும் கேடயம் போடவும் சுவரைத் தகர்க்கவும் உதவும், நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன். அவசரத்தில் கேடயம் வேண்டிய நேரம் குண்டு பாயும்.

"எத்தன தடவதான் சாவான் இந்தப் பய?" என்று அம்மா ஒருநாள் எழுந்து போய்விட்டாள்.

நான் போகவில்லை. விடிய விடிய உட்கார்ந்தேன். அந்த செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர் அரியர். எங்கள் வீட்டில் 'அரியர்' என்ற சொல்லே புதுசு. அப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. லோடு இறக்கிவிட்டு வந்தவர் ஒன்றும் பேசாமல் பரீட்சைப் பணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அம்மா கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

"அந்தப் பய சாவானே, அந்தப் பாடத்துலயாய்யா போச்சு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த பரீட்சையில் அரியரை முடித்தேன். அதன்பிறகுதான் விளையாட்டின் கடைசிப் பகுதியைத் தனியாக ஆடினேன். அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் லெஸ்டர் தவழ்ந்து போகிறான். கூண்டில் கூட இருந்தவன் வந்து தூக்கிக்கொள்கிறான். இறக்கை விரித்த பெரிய மிருகத்தின்மேல் இருவரும் பறந்து போகிறார்கள். அம்மா அதைப் பார்க்கவில்லை. "அந்தப் பய தப்பிச்சானா?" என்று போன மாசம்கூடக் கேட்டாள்.

மலர் அச்சாகி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் பெயர் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்பாள். அப்புறம் வாசித்துக் காட்டச் சொல்வாள்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்