பிக்கப்பும் அப்பாவின் வெள்ளை பெயின்ட்டும்

எங்க தெருவில் என் வண்டிக்கு மூணு பேர் இருக்கு. சின்னப் பசங்களுக்கு அது "மிலிட்டரி வண்டி". எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு "டெம்போ". எங்க அம்மாவுக்கு "அந்தக் கடன்". வங்கிக்காரனைக் கேட்டா அம்மா சொல்றதுதான் சரின்னு சொல்லுவான் :-)

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2018 மாடல், செகண்ட் ஹேண்ட். 2022 கடைசியில் வாங்கினேன். நீளம் 5295 மில்லிமீட்டர். குத்தம்பாக்கத்துத் தெருவில் 5295 மில்லிமீட்டர்னா என்னன்னு வந்து பார்த்தால்தான் தெரியும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பின்பக்கம் அடுத்த வீட்டுக் கோலத்தில் நிக்கும். ஆடுங்களுக்கு மட்டும் வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு, மதியம் நிழலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கும். "பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா பொதி வண்டி?" என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். வைக்கோல் ஏத்தலாமா, கல்யாணத்துக்குச் சேர் எடுத்துட்டு வரலாமான்னு ஊரில் நாலு பேர் கேட்டாச்சு. சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்ட முடியாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் விளக்கணும்.

சின்னதா ஒரு உள்ளூர்ப் பெருமை. 2016ல் தடா பக்கம் ஶ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறக்கிற வரைக்கும் இசுஸு வண்டிகளை நம்ம திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பொருத்திக்கிட்டு இருந்தாங்க. என்னோடது அதுக்கு அப்புறம் வந்தது. இருந்தாலும் மாவட்டப் பாசம் விடுமா?

சரி, மேட்டருக்கு வருவோம். இப்படி ஒரு ஃபோர்-பை-ஃபோர் வாங்கினதும் முதலில் கிடைக்கிறது அட்வைஸ். ஆஸ்திரேலியாக்காரன் வீடியோவைப் பார்த்துட்டு ஆபீஸில் ஆளாளுக்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்தானுங்க. ரெண்டு இஞ்ச் உசத்து, பெரிய டயர் போடு, முன்னாடி இரும்பு பம்பர், வின்ச், ஸ்நார்க்கல், மேலே கூடாரம்... கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பாதி வந்தது. டேமேஜர் மட்டும்தான் ஒண்ணும் சொல்லலை. லீவு கேப்பேனேன்னு பயம்.

நான் அதில் ஒண்ணும் பண்ணலை. காசு இல்லைங்கிறது முதல் காரணம், அதை மறைப்பானேன். ரெண்டாவது சட்டம். முன்பக்க இரும்பு பம்பர், கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்கு விரோதம்னு மத்திய அரசு 2017 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. மூணாவது காரணம் எங்க அப்பா.

அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில், அதாவது எச்விஎஃப்பில், 37 வருஷம் வேலை பார்த்தவர். அசெம்பிளியில். டி-72 டாங்க், 41 டன். தினமும் ஒரு டிவிஎஸ் 50ல் போய் 41 டன்னை மாட்டிட்டு அதே டிவிஎஸ் 50ல் திரும்பி வருவார். நான் அந்த லிஸ்ட்டைக் காட்டினதும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். அப்புறம் கேட்டார், "இதெல்லாம் மொத்தம் எத்தனை கிலோடா?"

எனக்குத் தெரியலை. லிஸ்ட் கொடுத்த எவனுக்கும் தெரியலை. "வண்டியை உசத்தினா புரோப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறும். கோணம் மாறினா ஜாயின்ட் கிராஸ் தேயும். டயர் பெருசானா வீல் பேரிங், பிரேக், ஸ்டியரிங் எல்லாத்துக்கும் பாரம். டிசைன் பண்ணவன் இத்தனைக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பான். நீ ஒண்ணை மாத்தினா அவன் கணக்கு மொத்தமும் போச்சு. அப்புறம் உன் கணக்குதான். உனக்குக் கணக்கு வருமா?" என்றார். இன்ஜினியரிங்கில் எனக்கு எம்-த்ரீ அரியர் இருந்ததை இந்த மனுஷன் இன்னும் மறக்கலை.

இங்கே அப்பாவைப் பத்தி இன்னொண்ணு சொல்லணும். 2022 ஆரம்பத்தில் அவருக்கு மாரடைப்பு வந்து ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. அதுக்கப்புறம் ஆள் ரொம்ப அமைதியாயிட்டார். நான் வண்டி வாங்கினது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கும் ஜவ்வாது மலைக்கும்னு சொல்லிக்கிட்டுதான். ஆனா ஒருநாள் ராத்திரி அவரே ஆரம்பிச்சார். "சோஜி லா போகுமாடா இது?"

சோஜி லாங்கிறது காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போற வழியில் இருக்கிற கணவாய். 3528 மீட்டர், அதாவது பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே. 1948ல் அதை எதிரிகள் பிடிச்சு வச்சிருந்தாங்க, காலாட்படையால் உடைக்க முடியலை. அப்போ திம்மய்யா டாங்க்கைக் கொண்டு போகலாம்னு முடிவு பண்ணினார். அந்த உயரத்தில் டாங்க்கை எவனும் எதிர்பார்க்க மாட்டான். 7வது கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்க்குகளை டரட்டைத் தனியாக் கழட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ரகசியமா ஜம்மு பக்கத்திலிருந்து கொண்டு போனாங்க. பால்தலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்க் போற பாதையா வெட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ். நம்ம ஆளுங்க! 1948 நவம்பர் 1ஆம் தேதி பனியில் டாங்க் மேலே வந்து நின்னதும் எதிரி பங்கரை விட்டு ஓடிட்டான்.

இந்தக் கதையை அப்பா எனக்கு அஞ்சு வயசிலிருந்து சொல்லியிருக்கார். அவருக்குச் சண்டை முக்கியம் இல்லை. அந்த டரட்டைக் கழட்டி மறுபடி மாட்டினவன் யாரு, அந்தக் குளிரில் போல்ட் எப்படி முறுக்கினான் என்பதுதான் அவர் கவலை. 37 வருஷம் டாங்க் மாட்டின மனுஷன் அது ஏறின மலையைப் பார்த்ததே இல்லை.

போகலாம்னு சொல்லிட்டேன். சொன்ன ராத்திரி தூக்கம் வரலை. தனியாப் போனால் வண்டி நின்னா நிக்கட்டும், அது ஒரு அனுபவம்னு பதிவு எழுதிக்கலாம். ஸ்டென்ட் வச்ச 63 வயசு ஆளைப் பக்கத்தில் உட்கார வச்சுக்கிட்டு அந்த உயரத்தில் வண்டி நின்னா?

டாக்டரிடம் போனோம். டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு ஒத்துக்கிட்டார். ஸ்ரீநகரில் ரெண்டு ராத்திரி தங்கணும், சோஜி லாவில் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது, த்ராஸ், கார்கில் தாண்டி மேலே போகக் கூடாது. அம்மா ஒத்துக்க மட்டும் மூணு மாசம் ஆச்சு.

அந்த மூணு மாசமும் சனி ஞாயிறில் அப்பாவும் நானும் வண்டியைக் கழட்டினோம். புதுசா எதையும் மாட்டலை, இருந்ததைப் புதுசாக்கினோம். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், கூலன்ட், டீசல் ஃபில்டர், பிரேக் ஆயில், கியர் ஆயில், ரெண்டு டிஃபரன்ஷியல் ஆயில். முன் வீல் பேரிங்கில் லேசா ஒரு உறுமல் இருந்தது, மாத்தினோம். கிழிஞ்சு கழட்டின பழைய ஹோஸைப் பார்த்து அப்பா சொன்னது, "இது ஹைவேயில் இன்னும் ஆறு மாசம் ஓடும். மலையில் ஒரு மணி நேரம்."

இதுக்கெல்லாம் நாங்க இருக்கிற ஏரியா சொர்க்கம். பாடியில் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே கிடையாது. பின்னாடி தொட்டியில் சாமான் வைக்க ஒரு இரும்புப் பெட்டியை அங்கேதான் செஞ்சோம். வண்டியில் ஓட்டை போடாமல், பட்டை போட்டு இறுக்கிக் கட்டுற மாதிரி. வேணாம்னா ரெண்டு பேர் தூக்கி இறக்கிடலாம். (தொட்டி ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதில் படுத்துத் தூங்குற மாதிரி போட்டோ போடுறவங்க எல்லாம் குறுக்கால படுத்திருக்காங்கன்னு அர்த்தம்.)

அப்புறம் வெள்ளை பெயின்ட். டார்க் ரென்ச் வச்சு ஒவ்வொரு நட்டையும் சரியான அளவுக்கு முறுக்கினதும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் அப்பா ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். நட்டு லூஸ் ஆச்சுன்னா கோடு உடைஞ்சு தெரியும். ஸ்பேனரே வேண்டாம், காலையில் டார்ச்சோடு குனிஞ்சு பார்த்தால் போதும். சஸ்பென்ஷன், புரோப்பல்லர் ஷாஃப்ட், வீல்னு மொத்தம் 84 கோடு. நோட்டுப் புத்தகத்தில் நம்பர் போட்டு வச்சிருந்தார். சாஃப்ட்வேரில் மானிட்டரிங்னு நாங்க லட்சக்கணக்கில் செலவு பண்றதை அவர் ஒரு சின்ன டப்பா பெயின்ட்டில் முடிச்சுட்டார்.

2024 செப்டம்பரில் கிளம்பினோம். கூட இன்னொரு வண்டியில் என் நண்பன். அவனுடையது அந்த லிஸ்ட் முழுக்கப் போட்ட வண்டி, உசத்தி, பெரிய டயர், ஏணி எல்லாம் வச்சது. டோல்கேட்டில் எல்லாரும் அவன் வண்டியோடுதான் செல்ஃபி எடுத்தாங்க. தெலங்கானா தாண்டும்போதே அடியில் ஒரு அதிர்வு இருக்கு மச்சான்னு சொன்னான். நாக்பூரில் நின்னுடுச்சு. ஜாயின்ட் கிராஸ். அப்பா அடியில் படுத்துப் பார்த்துட்டு எழுந்து கையைத் துடைச்சார். ஒண்ணுமே சொல்லலை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும். உசத்தின வண்டிக்குத் தகுந்த பார்ட் வர ஒரு வாரம்னு சொன்னாங்க. நண்பன் பையைத் தூக்கிக்கிட்டு எங்க வண்டியில் பின் சீட்டுக்கு வந்துட்டான்.

மத்தபடி பயணத்தில் சொல்ல ஒண்ணும் இல்லை. நிஜமாவே. தினமும் காலையில் 84 கோடு பார்ப்பார், நோட்டில் டிக் போடுவார், இட்லி கிடைக்காத ஊரில் பராத்தாவைத் திட்டிக்கிட்டே சாப்பிடுவார்.

சோனாமார்க் தாண்டினதும் மழை. சோஜி லாவில் பாதை ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒண்ணும் கிடையாது. சேறு. ஃபோர் ஹையில் போட்டேன். (இந்த வண்டிக்கு சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ஞ்ச தார் ரோட்டில் ஃபோர் வீலில் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கும். சேறு, மணல், பனின்னா சறுக்கிச் சரியாயிடும். புதுசா வாங்குறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுங்க.) பாதி ஏறினதும் முன்னாடி ஒரு லாரி சேத்தில் உட்கார்ந்துடுச்சு. வரிசை நின்னது. மூணு மணி நேரம்.

அந்த மூணு மணி நேரம்தான் எனக்கு மொத்தப் பயணமும். வெளியே ஐஸ் மாதிரி மழை. அப்பா விரலில் ஆக்சிமீட்டர். 88. அப்புறம் 86. கண்ணை மூடிட்டு மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தார். திரும்ப இடமில்லை, பின்னாடி நூறு வண்டி. ஆக்சிஜன் கேன் ரெண்டு வச்சிருந்தோம், நண்பன் ஒண்ணை எடுத்துத் தயாரா மடியில் வச்சுக்கிட்டான். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கிட்டே இருந்தது, ஹீட்டர் வேலை செஞ்சது. டெம்பரேச்சர் முள்ளு இருந்த இடத்தை விட்டு அசையலை. நான் அந்த முள்ளையும் ஆக்சிமீட்டரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்தில் ஒரு டாக்ஸி பானெட்டைத் திறந்து வச்சு நின்னது, ஆவி அடிச்சுக்கிட்டு. அதில் ஒரு அம்மாவும் ரெண்டு குழந்தைகளும். அவங்களையும் கூப்பிட்டு உள்ளே உட்கார வச்சுக்கிட்டோம், ஆறு பேர். அந்தச் சின்னப் பொண்ணு அப்பாவின் ஆக்சிமீட்டரை வாங்கித் தன் விரலில் மாட்டிக்கிட்டுச் சிரிச்சது. அதைப் பார்த்து அவரும் கண்ணைத் திறந்தார்.

லாரியை ராணுவத்துக்காரங்க இழுத்து ஓரமா விட்டாங்க. மேலே ஏறி இறங்கினதும் கும்ரி. (குமரி இல்லை, கும்ரி.) அங்கே அந்தச் சண்டைக்கான நினைவிடம் இருக்கு. டாக்டர் சொன்ன கணக்குக்குப் பத்து நிமிஷம் மட்டும் இறங்கினார். கல்லில் இருந்த பேரைப் படிக்கலை. வந்த பாதையைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு நின்னார். "இதுலயா ஏத்தினான்... ஸ்டூவர்ட் வெறும் பதினஞ்சு டன் சொச்சம்தான்டா, ஆனாலும்..." அப்புறம் பேச்சு வரலை. மூச்சா, வேற ஏதாவதான்னு நான் கேட்கலை.

த்ராஸில் டீ குடிச்சிட்டு, கார்கிலில் தங்கிட்டு, அப்படியே திரும்பிட்டோம். லே போகலை. கர்துங் லா போகலை. ஆபீஸில் "அவ்ளோ தூரம் போயிட்டு பாங்காங் பாக்கலையா?" என்று இன்னமும் கேட்கிறானுங்க. அப்பாவின் மூச்சு எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் எங்க ரூட் மேப், அதை அவனுங்களுக்கு விளக்குறது கஷ்டம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ 84ல் மூணு கோடு உடைஞ்சிருந்தது. மூணும் அந்த இரும்புப் பெட்டியைக் கட்டின பட்டையோட கிளாம்ப். கம்பெனி போட்ட போல்ட் ஒண்ணுகூட அசையலை. அப்பாவுக்கு அதில் ஏக சந்தோஷம். நண்பன் வண்டியை இறக்கி ஒரிஜினல் சஸ்பென்ஷனுக்கே மாத்திட்டான், ஏணியை மட்டும் கழட்ட மனசு வரலையாம்.

இப்போ டயர் ரொட்டேஷன் பாக்கி, பின்னாடி ஷாக் அப்சார்பர் ஒண்ணில் லேசா எண்ணெய் கசியுது. ஜவ்வாது மலைக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்துடணும்னு நோட்டில் எழுதி வச்சிருக்கார். இந்தத் தடவை அம்மாவும் வர்றாங்களாம். முன் சீட்டு யாருக்குங்கிறதில்தான் வீட்டில் பேச்சுவார்த்தை ஓடிக்கிட்டிருக்கு.